வசனம் தெரிந்த பிள்ளை ஏன் பொய் சொன்னான்?

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் வசனப் போட்டியில் இரண்டு வருடமாக அவனுக்குத்தான் முதல் பரிசு. போன மாதம் தங்கையின் உண்டியலிலிருந்து 200 ரூபாய் எடுத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகள் எடுத்தாள் என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனது. பிறகுதான் உண்மை தெரிந்தது. ‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்று என் கணவர் அவனை அடித்துவிட்டார். தினமும் குடும்ப ஜெபம் உண்டு, ஞாயிறு பள்ளியும் தவறுவதில்லை. இன்னும் என்ன செய்யவேண்டும்?

ஒரு தாய், நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

அழுதுகொண்டே போன அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உண்மை தெரிந்த பிறகு யாராவது அவளிடம் போய்ப் பேசினீர்களா? உங்கள் மகன் அடி வாங்கினான், சரி. அவள் மேல் விழுந்த பழி என்னவாயிற்று?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பழி போட அவன் ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தான்? அவள்மேல் சொன்னால் வீட்டில் நம்புவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களும் நம்பினீர்கள். இதை எந்த ஞாயிறு பள்ளியிலும் அவன் படித்திருக்க மாட்டான். யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறோம், ஒரு பொருள் காணவில்லை என்றால் நம் கண் முதலில் யார் பக்கம் போகிறது, இதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ‘உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’ என்ற உபாகம வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் முதலில் ‘உன் இருதயத்தில் இருக்கக்கடவது’ என்று பெற்றோரைப் பார்த்துச் சொல்கிறது.

வசனப் போட்டியை நான் குறைசொல்ல மாட்டேன். சிறுவயதில் பாடமான வசனம் பின்னாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தானாக நாவில் வரும். ஆனால் முதல் பரிசு வாங்குகிற பையன் ‘நான் திருடினேன்’ என்று சபை மெச்சும் அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? நல்ல பிள்ளை என்ற பெயர் பெரிதாகப் பெரிதாக, உண்மை சொல்வதும் அவனுக்குக் கடினமாகிவிடுகிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி இருவரின் தாய் சூசன்னா இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரின் போதகர் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார். பெற்றது 19 பேர். பாதிப்பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தார். ஜான் கேட்டதற்காக 1732இல் தன் வளர்ப்பு முறையை ஒரு கடிதமாக எழுதினார். ஒரு வயதுப் பிள்ளையைக்கூடப் பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழப் பழக்க வேண்டும் என்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பான தாயே, தண்டனைப் பயம்தான் பிள்ளைகளைப் பொய்யில் தள்ளுகிறது என்று கண்டு ஒரு சட்டம் வைத்தார்: செய்த தப்பை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, திருந்துகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே தப்புக்கு இரண்டாம் முறை கண்டிப்பதும் கிடையாது. இதனால் வீட்டில் பொய் வெகுவாகக் குறைந்தது. வீட்டில் ஒருவர் மட்டும் இந்தச் சட்டத்தைக் கைக்கொள்ளவில்லை, அவரும் கைக்கொண்டிருந்தால் பொய் இன்னும் குறைந்திருக்கும் என்றும் எழுதுகிறார். உங்கள் கணவரிடம் இந்த இடத்தைச் சொல்லுங்கள். ‘உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்’ என்று எபேசியருக்கு எழுதின நிருபம் தகப்பன்மாரிடம்தான் பேசுகிறது.

அத்தனை வேலைக்கு நடுவிலும் சூசன்னா வாரத்தில் ஒவ்வொரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கு ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழன். ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பிறகும், அந்த வியாழன் மாலையில் கொஞ்ச நேரம் தனக்காக ஒதுக்கும்படி அவர் தாய்க்கு எழுதினார். குடும்ப ஜெபத்தில் உங்கள் மகன் எல்லோரோடும் முழங்காலில் இருக்கிறான். தனியாக அவன் சொல்வதை நீங்கள் கேட்கும் நேரம் எது? அங்கே வசனம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், மார்க்கும் கேட்காதீர்கள். பேசாமல் இருந்தாலும் பக்கத்தில் இருங்கள்.

இந்த வாரமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். பலகாரமோ பழைய துணியோ கொடுத்து முடித்துவிடாதீர்கள். இயேசு வீட்டுக்கு வந்ததும், வரி வசூலிக்கிற சகேயு தானாக எழுந்து, அநியாயமாய் வாங்கினதை ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’, அதாவது நான்கு மடங்காகக் கொடுக்கிறேன் என்றான். உங்கள் மகனும் தன் வாயால் ‘நான்தான் எடுத்தேன்’ என்று சொல்லவேண்டும். தங்கையின் பணத்தையும் தன் சேமிப்பிலிருந்து அவனே திருப்பிப் போடட்டும். அங்கே அவனை முன்னால் தள்ளிவிட வேண்டாம். அவன் அப்பா முதலில் பேசட்டும்: “விசாரிக்காம நம்பிட்டோம், எங்களை மன்னிச்சிரும்மா” என்று. அதைக் கேட்ட பிறகு அவனுக்கு வாய் திறப்பது எளிதாக இருக்கும்.

அன்புடன்.