காப்பி காய்ப்பதற்கு முன் தவணையா?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். அபினிச் செடி பயிரிட்டு வந்த மலைக் கிராம விவசாயிகளைக் காப்பிக்கு மாற்றும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தனிநபர்களிடம் கடன் திரட்டுகிறது. எட்டு சதவீத வட்டி. இரண்டாம் ஆண்டில் தவணை தொடங்கும், மூன்றாம் ஆண்டு முடிவில் அசல் முழுவதும் திரும்பிவிடும் என்கிறார்கள். ஓய்வுப் பணத்தில் பாதியைக் கொடுக்கலாமா?

பதில்: பாதி வேண்டவே வேண்டாம். ஓராண்டுக் குடும்பச் செலவையும் மருத்துவத்துக்கான தொகையையும் தனியே எடுத்து வைத்த பிறகு, மிஞ்சுவதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். அதையும் இந்த நிபந்தனைகளோடு கொடுக்காதீர்கள். உங்கள் பணத்தை விட அந்த விவசாயிகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காப்பிச் செடி முதல் மகசூல் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இரண்டாம் ஆண்டில் தவணை கட்டு என்றால் அவர் எதை விற்றுக் கட்டுவார்? பழைய அபினி வியாபாரியின் வாசலுக்குத்தான் போவார்.

அபினி அவருக்கு வெறும் பயிராக மட்டும் இருந்ததில்லை. விதைத்த சில மாதங்களில் காசாகிறது. காய்ந்த பிசின் ஆண்டுக்கணக்கில் கெடாது; அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்து விற்கலாம். சாலை இல்லாத ஊருக்கும் வாங்குபவர் தேடி வருவார், விதைப்புக்கு முன்பே முன்பணமும் தருவார். ஆப்கானிஸ்தானில் இந்த முன்பணத்துக்கு ‘சலாம்’ என்று பெயர். பெரும்பாலும் அறுவடைக் கால விலையில் ஏறக்குறையப் பாதிக்கே விளைச்சலை எழுதி வாங்கிக்கொள்வார்கள். கொடுமைதான். ஆனால் வீட்டில் மாவு தீர்ந்த மாதத்தில் வேறு யாரும் கடன் கொடுப்பதில்லையே! பயிர், வங்கி, உண்டியல் மூன்றும் ஒன்றாக இருந்ததைப் பிடுங்கிவிட்டு நாற்றை மட்டும் கையில் கொடுத்தால் போதாது.

தாலிபான் 2000-இல் அபினிச் சாகுபடியைத் தடை செய்தபோது விலை எகிறியது. அபினிக் கணக்கில் முன்பணம் வாங்கியிருந்தவர்களின் கடனும் அதோடு பல மடங்கு வீங்கியது. 2022 ஏப்ரலில் மீண்டும் தடை வந்தது. மறு ஆண்டே பரப்பளவு 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேருக்குச் சரிந்தது. பலர் கோதுமைக்கு மாறினார்கள். ஐ.நா. கணக்குப்படி, ஹெக்டேருக்கு அபினி சுமார் 10,000 டாலர் தரக்கூடிய இடத்தில் கோதுமை தந்தது சுமார் 770 டாலர். இந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது என்பதுதான் இந்த மாற்றத்தின் உயிர்நாடி.

கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் 2016-இல் செய்துகொண்ட அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு சுமார் 99,000 குடும்பங்கள் மாற்றுப்பயிர்த் திட்டத்தில் கையெழுத்திட்டன. கொக்கெயின் போதைப்பொருளுக்கு மூலமான கோக்கா செடிகளைப் பிடுங்கினார்கள். புதிய தொழிலுக்கான பணமோ பலருக்கு ஆண்டுக்கணக்கில் தாமதமானது. தாய்லாந்தில் அபினி விளைந்த டோய் துங் மலைப் பகுதியில் 1988-இல் தொடங்கிய திட்டம் வேறு வழியில் போனது. மரம் நடும் வேலைக்குக் கூலி கொடுத்து, முதலில் அடுப்பு எரிய வழி செய்தார்கள். காப்பியும் மக்கடேமியா என்ற கொட்டை மரமும் வளர்ந்த பிறகு, வறுத்துப் பொட்டலமிட்டு விற்கும் வேலையும் அந்த மலையிலேயே நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

ஆகவே சங்கத்திடம் கேளுங்கள்: காப்பி காய்க்கும்வரை வீட்டுச் செலவுக்கு ஊடுபயிரா, கூலி வேலையா? நிலம் விவசாயியின் பெயரில் இருக்கிறதா, இல்லையென்றால் பல ஆண்டுப் பயிரை எந்த நம்பிக்கையில் நடுவார்? கொள்முதல் செய்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? காப்பி விலை விழுந்தால் நட்டம் யார் தலையில்? மிக முக்கியமாக, விளைச்சலே இல்லாத ஆண்டுகளில் உங்களுக்கு வட்டி எங்கிருந்து வரும்? அடுத்து வருபவரின் பணத்திலிருந்து என்றால் உடனே விலகிவிடுங்கள். பொதுமக்களிடம் பணம் திரட்ட அனுமதி இருக்கிறதா என்பதையும், தணிக்கை செய்த கணக்கையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் ஒப்பந்தத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். நான்காம் ஆண்டு வரை தவணை வேண்டாம், வட்டி குறைவாக இருக்கட்டும், அசல் எட்டாம் ஆண்டுக்குள் வந்தால் போதும். அவ்வளவு காலம் காத்திருக்க உங்களால் முடியாது என்றால் கடனே கொடுக்காதீர்கள். இழந்தால் வருந்தாத ஒரு சிறு தொகையை நாற்றங்கால் கூலிக்கு நன்கொடையாகக் கொடுங்கள்.