பந்தயக் குதிரையும் ஊசி மருந்தும்: கேள்வி பதில்

ரேஸ் மைதானத்தில் குதிரைகளின் ரத்தம், சிறுநீர் மாதிரி எடுக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். இப்போது இருப்பது மேலூர்ப் பக்கம். எல்கைப் பந்தயக் (குறித்த எல்லை வரை ஓடித் திரும்பும் வண்டிப் பந்தயம்) குதிரைக்குத் தரும் மருந்து, வெளிநாட்டு வண்டிப் பந்தயச் சோதனை இரண்டையும் பற்றிக் கேளுங்கள். மாட்டாமல் கொடுப்பது எப்படி என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

மேலூர், ஒரு சாரதி: ஆப்பச்சோடாவைக் கரைச்சு ஊத்தினா குதிரைக்கு இளைப்பு வராதுங்கிறாங்க. மளிகைக் கடைச் சாமான் எப்படி டாக்டர் ஊக்கமருந்தாகும்?

ஓடும்போது தசையில் அமிலம் சேரும். அது குதிரையைத் தளர்த்துகிறது என்பார்கள். சோடா அந்த அமிலத்தை மட்டுப்படுத்துவதால், களைப்பு தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடலாம் என்பது கணக்கு. சோடாவையும் சர்க்கரையையும் கரைத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இறக்குவார்கள். வெளிநாட்டு வண்டிப் பந்தயத்தில் இதற்கு 'மில்க்‌ஷேக்' என்று பெயர்.

சோடா உடம்பிலேயே இருக்கிற சாமான்தான், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். சாதாரணக் குதிரைக்கு லிட்டருக்கு 30 மில்லிமோலை ஒட்டி இருக்கும். சர்வதேச வரம்பு 36. அதைத் தாண்டினால் பரிசு போச்சு. பந்தயம் முடிந்து எடுத்தால் அளவு இறங்கிவிடும், அதனால் ஓடுவதற்கு முன்பே ரத்தம் எடுப்பார்கள்.

குழாய் தவறி நுரையீரலுக்குள் போனால் குதிரை பிழைப்பது கஷ்டம். மூங்கில் குழாயில் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதும் அதே ஆபத்துதான்.

வாடிப்பட்டி: எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி கொடுக்கணும்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

அலங்காநல்லூர்: தைலத்துல மிளகாய்ச் சத்து இருக்கு. கால்ல தேய்க்கலாமா?

2008 ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டி ஹாங்காங்கில் நடந்தது. தடை தாண்டும் குதிரைகள் நான்கின் உடம்பில் அந்த மிளகாய்ச் சத்து இருந்தது தெரிந்து வெளியேற்றினார்கள். நார்வே அணி வெண்கலத்தையே இழந்தது. சிலர் தேய்ப்பது வலியை மரக்கச் செய்ய, சிலர் தேய்ப்பது எரிச்சலில் குதிரை காலை உயரத் தூக்க. இரண்டுமே கூடாது.

திருமங்கலம்: முன்னங்கால் லேசா நொண்டுது. மனுசங்களுக்குப் போடுற வலி ஊசி போட்டு ஒரு ஓட்டம் ஓட்டிரலாமா?

கூடாது. கூடவே கூடாது. வலி என்பது காலை ஊன்றாதே என்று உடம்பு சொல்வது. அதை ஊசி போட்டு அடக்கினால், கீறல் விட்ட எலும்பு தார்ச்சாலையில் முழுசாக முறியும். வண்டியில் இருக்கிற சாரதியும் சேர்ந்து விழுவார். நீங்கள் சொல்லும் ஊசி டைக்ளோஃபினாக் என்றால், 2006 முதலே இந்தியாவில் கால்நடைக்குத் தடை. அந்த மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை அது.

உசிலம்பட்டி: எல்லாரும் கொடுக்கிறான், நான் மட்டும் யோக்கியமா இருந்து தோக்கவா? எங்க ஐயா காலத்துல கள்ளும் முட்டையும் கொடுத்தாங்க, குதிரை செத்தா போச்சு? நம்மூர்ல யாரு ரத்தம் எடுக்கப் போறா?

அண்ணே, ரத்தம் எடுப்பவர் இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லாமல் போகாது. 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், தீங்கு செய்யும் மருந்தை வேண்டுமென்றே கொடுப்பது குற்றம். 'எல்லாரும் கொடுக்கிறான்' என்பதை அமெரிக்காவிலும் சொன்னார்கள். 2020 மார்ச்சில் அங்கே வண்டிப் பந்தயப் பயிற்சியாளர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. மருந்து தயாரித்து விற்ற கால்நடை மருத்துவர் சேத் ஃபிஷ்மனுக்கு 11 வருடம் சிறை.

பாலமேடு, ஒரு கமிட்டிக்காரர்: உசிலம்பட்டி அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கேக்க ஆள் இல்லாத இடத்துல யோக்கியன்தானே தோக்குறான்?

அப்படியானால் கேட்க ஆளை வைக்க வேண்டியது கமிட்டிதானே ஐயா? சுழற்கோப்பைக்கு ஆள் பிடிக்கத் தெரிகிறது, ஒரு கால்நடை மருத்துவரைக் கொடியசைக்கும் இடத்தில் நிறுத்தத் தெரியாதா?

ஆய்வகம் வரைக்கும் போக வேண்டாம். வண்டி பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு குதிரையையும் கயிற்றில் பிடித்துத் தார்ச்சாலையில் மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலையை இறக்கும். கழுத்து ரத்தக்குழாயைத் தடவிப் பார்த்தால் புதிதாக ஊசி குத்திய இடம் விரலில் தட்டுப்படும். இந்த இரண்டிலேயே பாதிப் பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

உசிலம்பட்டி: அப்ப கள்ளு?

சாராயமோ கள்ளோ, குதிரைக்கு அது போதைதான். முட்டையை நீங்கள் சாப்பிடுங்கள்.

கொட்டாம்பட்டி: ரேஸ் மைதானத்துல மாதிரி எப்படி எடுக்கிறாங்க?

ஜெயித்த குதிரையை நேராகத் தனி அறைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் காட்டி நடத்திவிட்டு, வைக்கோல் பரப்பிய இடத்தில் நிறுத்துவோம். பையன் ஒருவன் நீளக் கைப்பிடி போட்ட குவளையோடு நின்று சீட்டி அடிப்பான். பழகிய குதிரை சீட்டி கேட்டதும் பெய்துவிடும். சில குதிரை ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு நிற்கும், அப்போது ரத்தம்தான். மாதிரியை இரண்டாகப் பிரித்து, குதிரைக்காரர் கண் முன்னால் முத்திரை வைத்து, அவர் கையெழுத்தும் வாங்குவோம். முதல் பாட்டிலில் மருந்து தெரிந்து அவர் மறுத்தால் இரண்டாவதை உடைப்பார்கள்.

சோழவந்தான்: ஒண்ணுமே கொடுக்காம மாட்ட முடியுமா?

முடியும். ஊமத்தைச் செடி கலந்த வைக்கோல், டீத்தூள் விழுந்த தீவனம் போதும். மாத்திரை சாப்பிடும் பையன் கொட்டகை வைக்கோலில் சிறுநீர் கழித்து, அதைக் குதிரை தின்று மாட்டியதும் உண்டு. கழிப்பறை கட்டிக் கொடுங்கள்.

நத்தம்: ஆப்பச்சோடா எத்தனை ஸ்பூன்?

ஆப்பத்துக்கா?

திருமங்கலம் (மறுபடி): ஊசி போடலை டாக்டர். கட்டு மட்டும் போட்டு ஓட்டவா?

நொண்டுகிற குதிரை ஓடக்கூடாது, கட்டுப் போட்டாலும் சரி. குளம்பில் ஆணி, கல் குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாளைக் காலையில் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கட்டிய நுழைவுப் பணம் போனால் போகட்டும்.