ரொட்டி டின்னில் 43 படங்கள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா போன வருடம் தவறிவிட்டார். அலமாரியை ஒழித்தபோது பழைய ரொட்டி டின் ஒன்றில் 43 படங்கள் கிடைத்தன. பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. பின்னால் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு படத்தில் தூணும் பூந்தோட்டமும் வரைந்த திரைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறார், நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பையன். அந்தப் பெண் என் கொள்ளுப்பாட்டி என்கிறார் சித்தி. இல்லவே இல்லை என்கிறார் பெரியம்மா. பாஸ்போர்ட் அளவில் ஒரு பெண்பிள்ளை படமும் இருக்கிறது, பதினாலு வயது இருக்கும். அது அம்மாதான் என்று நினைக்கிறோம் (அம்மா பிறந்தது 1945). ஒரு படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணன் மகள் சில படங்களைச் செயலியில் போட்டு வண்ணமாக்கிக் கொடுத்தாள். நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை), தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடமே தெரியவில்லை. இந்தப் படங்களை வைத்து எங்கள் வம்சாவளியை எழுத முடியுமா? ஸ்டூடியோ படத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வண்ணப் படங்கள். பிடித்திருந்தால் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆள் அடையாளம் பார்க்க மட்டும் அவற்றை எடுக்காதீர்கள். என் பாட்டி படத்தையும் மகன் இப்படித்தான் ‘சரிசெய்து’ கொடுத்தான். முகம் பளபளவென்று வந்தது. வலப்பக்க மூக்குத்தியைக் கறை என்று நினைத்துச் செயலி துடைத்துவிட்டது. பாட்டிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, அவர் தங்கைக்கு ஒரு பக்கம்தான். இருவரையும் பிரித்துச் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே அடையாளம் அது.

சரி, படங்களின் பின்னால் ஏன் எழுத்தே இல்லை? நானும் இதைப் பல வருடம் நம் ஆட்களின் அசட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள்) சம்பளம் போட்ட கையோடு டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் படம் எடுத்தது, பெரும்பாலும் தமிழ்நாட்டில் உள்ள சொந்த ஊருக்கு அனுப்பத்தான். இரண்டு மூன்று பிரதி போடுவார்கள். ஒன்று கடிதத்தோடு கப்பல் ஏறும். ஒன்று லயத்தில் தங்கும். லயத்தில் தங்கிய படத்தில் யார் பெயரை எழுதுவது? எல்லோரும் கண்ணெதிரே இருந்தார்கள். ஊருக்குப் போன பிரதியில்தான் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் இந்த மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு படம் உண்டு. தாத்தா, பாட்டி, முன்னால் ஒரு பையன், பாட்டி மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தை என் அத்தை என்றுதான் நாற்பது வருடம் சொல்லி வந்தோம். அத்தையே அப்படித்தான் சொல்வார். 2011-ல் முசிறிப் பக்கம் தாத்தாவின் ஊருக்குப் போயிருந்தேன். பங்காளி வீட்டில் அதே படம் சுவரில் தொங்கியது. சட்டத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன், தயங்கித்தான் சம்மதித்தார்கள். பின்னால் பென்சிலில் கோணல்மாணலாக: ‘பெரியவன் வயசு 4. சின்னவன் பொறந்து 40 நாள்.’ சின்னவன். ஆண் குழந்தை. அப்படி ஒரு பிள்ளை இருந்ததாகப் பாட்டி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திரும்பி வந்து அத்தையிடம் சொன்னபோது அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அப்ப நான் எந்தப் படத்துலயுமே இல்லையா?” என்று கேட்டார்.

ஆகவே உங்கள் 43 படங்களில் சிலவற்றுக்காவது இரட்டைப் பிறவி அங்கே இருக்கலாம். எந்த ஊர் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் பெரியம்மாவிடம் குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்தவர்கள்கூடச் சாமி பெயரை மறப்பதில்லை, சாமிக்கு ஓர் இடம் இருக்கும். அங்கே யாராவது சிக்கினால் படத்தின் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை யாரும் தாமாகச் செய்வதில்லை.

சித்தியும் பெரியம்மாவும் சண்டை போடுவது நல்லதுதான். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து “இது யார்?” என்று கேட்காதீர்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், அதோடு முடிந்தது. தனித்தனியாகப் போங்கள், தேத்தண்ணி நேரத்தில். “இந்தச் சேலை யாருடையது?”, “இந்த நாற்காலி எந்தக் கடை?” என்று ஆரம்பியுங்கள். முகம் மறந்தவர்களுக்குச் சேலை ஞாபகம் இருக்கும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். உடைமையைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் படத்தில் அவர் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார், சப்பாத்து போட்டிருக்கிறார். அதனால் கங்காணியாகவோ (ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி) கிராணியாகவோ (தோட்ட அலுவலக எழுத்தர்) இருந்திருப்பார் என்று எண்ண வேண்டாம். கடிகாரம், கோட்டு, சப்பாத்தெல்லாம் ஸ்டூடியோவிலேயே இரவல் கிடைக்கும். திரையைப் பாருங்கள். மற்ற 42-ல் அதே தூணும் அதே மடிப்பும் எங்காவது வந்தால் இரண்டும் ஒரே ஸ்டூடியோ, அநேகமாக அடுத்தடுத்த வருடங்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படம் உங்கள் ஊருக்கே உரிய விஷயம். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் (கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான நெருக்கடி நிலை) வந்தது. அந்த வருடமே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பெரட்டுக் களத்தில் (காலையில் பெயர் கூப்பிடும் இடம்) வெள்ளைத் துணி கட்டி வரிசையாக நிற்கவைத்து எடுத்தார்கள் என்று என் பாட்டி சொல்வார். பல பேருக்கு வாழ்க்கையில் முதல் படமே அதுதான். டின்னில் அதே அளவில், அதே துணிப் பின்னணியில் வேறு முகங்களும் இருந்தால் இது அந்த நேரத்துப் படமாக இருக்கலாம். அப்போது உங்கள் அம்மாவுக்கு மூன்று வயது, ஆகவே இந்தப் பிள்ளை வேறு யாரோ. தனியாக இது ஒன்றுதான் இருக்கிறது என்றால், 1957-க்குப் பிறகு அம்மா தன் அட்டைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். பெரியம்மாவின் பழைய படத்தோடு காதுமடலை ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் மாறும், காது அவ்வளவாக மாறாது.

வம்சாவளி எழுதுகிறவர்கள் இன்னொன்றிலும் வழுக்குவார்கள். “தாத்தா ரஜூலா கப்பலில் வந்தார்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ரஜூலா ஓடத் தொடங்கியது 1926-ல், நிறுத்தியது 1973-ல். அதற்கு முன் வந்தவர் வேறு கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு எந்தக் கப்பலும் ரஜூலாதான். கங்காணி ஆள் சேர்த்து, டிக்கெட் போட்டுக் கூட்டி வந்தார் என்றால் 1938-க்கு முன். அந்த வருடம் இந்திய அரசு அதை நிறுத்திவிட்டது. கிராணி காதில் விழுந்தபடி பெயர் எழுதியதையும் மறக்காதீர்கள். என் தாத்தா மூன்று பத்திரங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறார், மூவரும் அவரே.

இனிப் படங்களைக் காப்பாற்றுவது. கண்ணாடியில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். நான் செய்த பாவம் வேறு. 1990-களில் பசைத் தாள் ஆல்பம் வாங்கி, மேலே பிளாஸ்டிக்கை இழுத்து மூடி, எல்லாப் படத்தையும் அடுக்கினேன். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகிப் படங்களின் முதுகைப் பிடித்துக்கொண்டது. பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல் மெல்ல இழுத்து இழுத்துச் சிலவற்றை மீட்டேன். பதினொன்று இன்னும் ஆல்பத்திலேயே இருக்கின்றன. லேமினேட் செய்வதும் இதே கதைதான்.

காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்துகொண்டே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், நம் நாட்டில் 80 சாதாரணம். ரொட்டி டின்னை ஓய்வெடுக்க விடுங்கள். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பாவில், அமிலமில்லாத தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகள் போட்டு வையுங்கள். நிறம் மாறும் ரகம் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். ஸ்கேன் 600 டிபிஐ, இரண்டு பக்கமும், வெள்ளை ஓரத்தை வெட்டாமல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப் போகும். பெயர் தெரிந்ததைப் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டுவது நகலாக இருக்கட்டும். விளக்குப் புகையும், கண்ணாடியில் வைக்கும் சந்தனம் குங்குமத்தோடு உள்ளே இறங்கும் ஈரமும் எத்தனை தாத்தாக்களைத் தின்றிருக்கின்றன!

லயம் போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறதா? இருந்தால் திருவிழாவுக்கு, சிதறிப்போன பழைய ஆட்கள் எங்கிருந்தாவது வருவார்கள். நகல்களை எடுத்துக்கொண்டு போய் அன்னதானப் பந்தலில் உட்காருங்கள்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் காகிதம் லேசாக மேடு தட்டியிருக்கிறது, மையில்லாமல் அழுத்திய ஸ்டூடியோ முத்திரை. கடைசி எழுத்து ‘ஹெச்’ மாதிரி தெரிகிறது, ஈப்போவாக இருக்கலாம். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி அந்த மூலையை மட்டும் இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா