கான்வொகேஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் சார்

சார், நேற்று போனில் நீங்கள் சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால்தான் விரிவாகவே எழுதிவிடுகிறேன். "டிசம்பரோட பாப்பாவுக்குப் படிப்பு முடியுது, தை மாசம் பெரியவன் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போகட்டும், ஜூன்ல கான்வொகேஷன், சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ஒர்க் பெர்மிட் போட்டுக்கலாம்" என்றீர்கள். நம் ஊர் வழக்கப்படி இதில் ஒரு தப்பும் இல்லை. பட்டம் கைக்கு வந்த பிறகுதானே நாம் அடுத்த வேலையையே பார்ப்போம். ஆனால் கனடாவில் நாள் கணக்கு கான்வொகேஷனிலிருந்து ஆரம்பிப்பதில்லை. படிப்புக்குத் தேவையானதையெல்லாம் முடித்துவிட்டார் என்று கல்லூரி எழுத்தில் சொல்லும் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. அது கம்ப்ளீஷன் லெட்டராகவும் இருக்கலாம், கடைசி செமஸ்டர் மார்க்கோடு வரும் டிரான்ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம், எது முதலில் வருகிறதோ அது.

அன்றிலிருந்து 180 நாளுக்குள் ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத இன்னொரு கணக்கு, ஸ்டடி பெர்மிட் பற்றியது. அதில் அச்சிட்ட தேதி என்னவாக இருந்தாலும், படிப்பு முடிந்து 90 நாளில் அது செல்லாமல் போய்விடும். அச்சிட்ட தேதி அதற்கு முன்பே வந்தால் அந்தத் தேதியோடு சரி. உங்கள் மகளுடையது மார்ச் 31 வரை என்றீர்கள். ஜனவரி முதல் வாரத்தில் லெட்டர் வந்தால், ஏப்ரல் பிறந்ததும் அவர் அங்கே இருப்பதற்கே அனுமதி இல்லாதவராகிவிடுவார். கான்வொகேஷன் மேடை ஏறும் ஜூனில் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். சட்டப்படி அங்கே தங்கும் அந்தஸ்தை மீட்க 90 நாள் அவகாசம் தருகிறார்கள்தான், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், தனி விளக்கம், அதுவரை வேலை பார்க்கவும் கூடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது. டிசம்பர் 28ஆம் தேதி கல்லூரி போர்ட்டலில் லெட்டர் வந்துவிட்டது, அவன் அதைத் திறந்தும் பார்த்திருக்கிறான். அப்பா அம்மா ஜூன் கான்வொகேஷனுக்கு வருகிறார்கள், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விண்ணப்பம் போடலாம் என்று ஆசை. கறுப்பு அங்கியில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை எனக்கும் அனுப்பினான். ஜூன் 26ஓடு அவனுடைய 180 நாள் முடிந்தது, ஜூலை இரண்டாம் வாரம் விண்ணப்பித்தான், நிராகரித்துவிட்டார்கள். ஸ்டடி பெர்மிட்டில் தேதி இருக்கிறதே என்று ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகுதிநேர வேலைக்கு வேறு போயிருந்தான். லெட்டர் வந்த நாளோடு அந்த உரிமையும் முடிந்துவிட்டது என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. நானும் டிசம்பரில் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் இப்போது இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வேலை விஷயத்தை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். படிக்கும்போது கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம், 2024 நவம்பருக்கு முன் அது 20ஆக இருந்தது. கம்ப்ளீஷன் லெட்டர் வந்த நாளோடு அந்தச் சலுகை நின்றுவிடும். ஆனால் ஸ்டடி பெர்மிட் செல்லும்போதே ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை முழுநேரமே வேலை பார்க்கலாம், படிக்கும்போது மணிக்கணக்கை மீறாதவராக இருந்தால். ஆக, லெட்டர் காலையில் வந்தால் சாயங்காலமே விண்ணப்பம் போய்விட வேண்டும், அதற்கு மற்ற எல்லாம் முன்கூட்டியே கையில் தயாராக இருக்க வேண்டும்.

தயாராக இருக்க வேண்டியதில் முதல் காரியம் ஆங்கிலத் தேர்வு. "அதான் ஐஇஎல்டிஎஸ் எழுதித்தானே போனாள்" என்பீர்கள். அவர் எழுதியது அகாடமிக், அட்மிஷனுக்கு அதுதான் கேட்டார்கள். இதற்கு அது செல்லாது. 2024 நவம்பர் 1 முதல் இந்த ஒர்க் பெர்மிட்டுக்கு மொழித் தேர்வு கட்டாயம், அதிலும் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் அதற்கும் தனித் தேர்வுகள் உண்டு. கல்லூரி டிப்ளமோவுக்கு சிஎல்பி 5 போதும், சிஎல்பி என்பது மொழித்திறனுக்குக் கனடா வைத்திருக்கும் அளவுகோல். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் கணக்கில் கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 5, வாசித்தலில் 4. பல்கலைக்கழகப் பட்டம் என்றால் சிஎல்பி 7, நான்கிலும் 6. மொத்த பேண்ட் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை, நான்கில் ஒன்று குறைந்தாலும் போச்சு. முடிவு வெளியாகி 2 வருடத்துக்குள்தான் செல்லும். நவம்பரிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள், ஒரு பகுதியில் தவறினாலும் திரும்ப எழுத நேரம் இருக்கும்.

அடுத்தது பாஸ்போர்ட். இரண்டு வருட டிப்ளமோவுக்கு 3 வருட ஒர்க் பெர்மிட் உண்டு, ஆனால் பாஸ்போர்ட் எதுவரை செல்லுமோ அதுவரைக்கும்தான் கொடுப்பார்கள். புதுப்பித்த பிறகு மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம் என்றாலும், அது இன்னொரு அலைச்சல். இந்த பெர்மிட் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், அதை அரைகுறையாக வாங்க வேண்டாமே. பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி மூன்றரை வருடத்துக்குள் வருகிறது என்றால் அங்கேயே இப்போதே புதுப்பிக்கட்டும்.

உங்கள் மகள் படிப்பது சிறுவர் கல்வி என்பதால் இன்னொன்று. குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனை முடித்திருக்க வேண்டும், குடியேற்றத் துறை அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும். அது இல்லாமலும் பெர்மிட் வரும், ஆனால் குழந்தைகள் காப்பகம், பள்ளி, மருத்துவத் துறைகளில் வேலை செய்யக்கூடாது என்று அதிலேயே அச்சிட்டு வரும். படித்த வேலையைப் பார்க்க முடியாத ஒர்க் பெர்மிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படிக்கும்போது ப்ளேஸ்மென்ட்டுக்காக, அதாவது படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்காக, ஒரு தடவை பரிசோதனை செய்திருப்பார், அது 12 மாதம்தான் செல்லும், தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட "லிஸ்ட்ல இந்த கோர்ஸ் இருக்கா" என்ற கவலை வேண்டாம். லிஸ்டில் உள்ள பாடப்பிரிவைப் படித்தால்தான் ஒர்க் பெர்மிட் என்ற அந்தக் கட்டுப்பாடு 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட் கேட்டவர்களுக்கு. நாம் அந்த ஆகஸ்டிலேயே போட்டுவிட்டோம்.

விண்ணப்பம் என்று பார்த்தால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எல்லாம் ஆன்லைன்தான். முதலாளி யார் என்று கேட்கும் இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். இது யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கக்கூடிய திறந்த பெர்மிட், வேலை கிடைத்த பிறகுதான் போட வேண்டும் என்பதும் இல்லை. கட்டணம் 255 கனடா டாலர். அதில் 155 பெர்மிட்டுக்கு, 100 திறந்த பெர்மிட் என்பதற்காக. இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், 155 மட்டும் கட்டிவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி லெட்டரில் "முடித்துவிட்டார்" என்று இருக்கிறதா என்று ஒரு தடவை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். "முடிக்க இருக்கிறார்" என்று எழுதிய லெட்டரை வைத்து அவசரத்தில் போட்டுவிடக் கூடாது.

உங்கள் ஊர் ஏஜென்ட் செய்து தருகிறேன் என்று பணம் கேட்டாராமே, கொடுக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்ய உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர், வழக்கறிஞர் மாதிரி சிலருக்குத்தான் அனுமதி. அதுபோக, இப்படிப்பட்டவர்கள் தங்கள் ஈமெயிலில் கணக்கைத் திறந்துவிடுவார்கள், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் பிள்ளையின் கண்ணில் படவே படாது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இலவசமாகவே வழி சொல்வார்கள், கூட்டம் சேர்வதற்கு முன் இப்போதே நேரம் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி கல்யாணம். இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது, அண்ணன் கல்யாணத்தில் தங்கை இல்லாமல் எப்படி. ஆனால் விண்ணப்பிக்காமல் ஊருக்கு வருவதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இங்கிருந்தும் போடலாம்தான், ஆனால் அனுமதி வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கேயே விண்ணப்பித்துவிட்டுக் கிளம்பினால் பாஸ்போர்ட்டில் உள்ள விசாவின் தேதி முக்கியம், அது பெரும்பாலும் ஸ்டடி பெர்மிட்டோடு சேர்ந்தே முடியும். ஒர்க் பெர்மிட் என்பது நாட்டுக்குள் நுழையும் விசா இல்லை, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். மார்ச் 31 வரை விசா இருந்து, லெட்டரும் ஜனவரி முதல் வாரமே வந்து, அன்றே விண்ணப்பமும் போய்விட்டால், இரண்டு வாரம் வந்து போகலாம். லெட்டர் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். முகூர்த்தம் தை கடைசியில் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். டிக்கெட்டைத் தேதி மாற்றும் வசதியோடு போடுங்கள், விலை கூடுதலானாலும் பரவாயில்லை.

அப்புறம், முதல் வேலையைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, ஒரு வருடத் திறன் வேலை, அதாவது 1,560 மணி நேரம், கணக்குக் காட்ட வேண்டும், முழுநேர மாணவியாக இருந்தபோது செய்த பகுதிநேர வேலை அதில் சேராது. வேலைகளைத் திறன்வாரியாகக் கனடா பிரித்து வைத்திருக்கும் டீர் வரிசையில் சிறுவர் கல்வி வேலை டீர் 2இல் வருகிறது, அது செல்லும். கடையில் கல்லாவில் நிற்பது அதில் வராது.

இன்று ராத்திரி மகள் வீடியோ காலில் வரும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், ஸ்டடி பெர்மிட் மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேதிகளைப் பார்த்துவிட்டு நாளைக் காலையில் கூப்பிடுகிறேன்.