ஐஸ் பில்லுக்கும் அம்மோனியா அலாரத்துக்கும் ஒரே டெஸ்டிங்கா?

கேள்வி: காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம், மூன்று பேர்தான். ஒரு முதலாளி, குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவதையும் அதே ஆப்பில் சேர்க்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாக டெஸ்ட் செய்தால் கட்டுப்படியாகாது. எவ்வளவு செய்தால் போதும்?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஆப் முழுவதற்கும் ஒரே அளவு என்று கிடையாது. எந்தப் பகுதி தப்பு செய்தால் என்ன போகும் என்று பாருங்கள்: நேரமா, பணமா, தொழிலா, உயிரா? விமான மென்பொருளுக்கான டிஓ-178சி விதிகளிலும் இதே கணக்குதான். விமானமே விழக்கூடிய ஏ நிலைக்கு 71 நோக்கங்களை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். சிறிய பாதிப்பு மட்டுமே வரும் டி நிலைக்கு 26. பாதிப்பே இல்லாத ஈ நிலைக்கு ஒன்றுமில்லை.

பில்லில் பத்து ரூபாய் கூடிப்போனால் கவுன்டரில் சத்தம் வரும், சாயங்காலத்துக்குள் திருத்திவிடலாம். படகுக்காரர்களின் கடன் கணக்கு அழிந்தால் முதலாளி யாரிடம் போய்க் கேட்பார்? அதற்கு ஆட்டோமேட்டிக் டெஸ்ட், தினமும் பேக்கப், மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது. கடைசியைத்தான் யாரும் செய்வதில்லை.

அம்மோனியா கதை வேறு. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தபோது பெரியகுப்பத்துக்காரர்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தும் வேலையை ஆப்பில் எழுதாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. ரிலே (தானே இயங்கும் மின் சுவிட்ச்) உள்ள கேஸ் டிடெக்டராக வாங்கி, அதிலிருந்து நேராக கம்ப்ரஸர் பேனலுக்கு ஒயர் போகட்டும். ஆப் அளவைக் காட்டினால் போதும். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில், முந்தைய மாடலில் இருந்த ஹார்டுவேர் பூட்டுகளை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரையே நம்பினார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள்.

அளவைக் காட்டுவதிலும் ஒரு குழி இருக்கிறது. 4–20 மில்லியாம்ப் சென்சார், வாயுவின் அளவை அந்த எல்லைக்குள் மின்னோட்டமாக அனுப்பும். 4 வந்தால் வாயு இல்லை. 0 வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. “4-க்குக் கீழே எது வந்தாலும் 0 பிபிஎம்” (பிபிஎம் என்பது காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு வாயு என்ற அளவு) என்று ஒரே வரியில் எழுதி வைப்பவர்கள் உண்டு. காசிமேட்டு உப்புக் காற்றில் டெர்மினல் துருப்பிடித்து ஒயர் விட்டுப்போகும்; திரையில் மட்டும் பச்சையாக 0 நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. 3.6 மில்லியாம்புக்குக் கீழே போனால் சிவப்பும் சத்தமும் வர வேண்டும். இந்தச் சின்னப் பகுதியை மட்டும் மூன்று பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். பில்லிங்கிலிருந்து தனி ப்ரோகிராமாகப் பிரித்துவிடுங்கள். ஜிஎஸ்டி மாறியதற்கு அப்டேட் போடும்போது அலாரம் கெடக் கூடாது. அப்புறம், இதற்குத் தனியாகப் பணம் கேளுங்கள். பில்லிங் விலைக்கு அலாரம் கட்டாது.

கம்ப்ரஸர் நின்றதும் கசிவு நின்றுவிடாது என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். எந்த வால்வை மூட வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதை ரெஃப்ரிஜரேஷன் எஞ்சினியர் எழுதித் தர வேண்டும், நீங்கள் யூகிக்கக் கூடாது.

சோதனைக்குத் தடைக்காலம் வசதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் வேலையும் மந்தம். சென்சார் ஒயரைக் கழற்றுங்கள், டிடெக்டருக்கு வரும் கரன்ட்டை நிறுத்துங்கள், சென்சாருக்குச் சோதனை வாயுவைக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸர் நிற்கிறதா என்று முதலாளியையே பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.