பிரசவப் பயிற்சிக்கு மெய்நிகர் கருவி போதுமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு, கல்லூரியில், கண்முன் நிஜம்போலக் காட்சி காட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) கருவியைத் தலையில் மாட்டிப் பிரசவம் பார்க்கக் கற்றுத் தருகிறார்களாம். படம் பார்த்தே பிரசவம் பார்க்கப் பழகிவிட முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அது மட்டும் போதாது, ஆனால் வெறும் படம் என்று ஒதுக்கவும் கூடாது. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், உதவிக்கு ஆள் அழைப்பது, கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்தைச் செலுத்துவது, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, எங்கேனும் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய அனைத்தும் சில நிமிடங்களுக்குள் நடந்தாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் இத்தகைய நெருக்கடியைக் காணாமலே படிப்பை முடிப்பவர்கள் உண்டு. கண்டாலும், மருத்துவரும் மூத்த செவிலியர்களும் தாயைச் சூழ்ந்துகொள்ள, மாணவி சுவரோரம் ஒதுங்கி நிற்கத்தான் நேரிடும். மெய்நிகர் பயிற்சியிலோ முடிவெடுக்க வேண்டியவர் அவரே. தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். முதல் தவறு நடக்கும் இடம் ஒரு தாயின் உடலாக இருக்கக் கூடாது என்பதாலேயே இதை மனமார வரவேற்கிறேன். (சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும், அப்போது உடனே கழற்றிவிடச் சொல்லுங்கள்.)

ஆனால் தொடுவுணர்வை இக்கருவியால் தர இயலாது. பிரசவம் முடிந்ததும் தாயின் வயிற்றில் கைவைத்தால், கருப்பை கிரிக்கெட் பந்தைப்போல் இறுகியிருக்கிறதா, பிசைந்த மாவைப்போல் தொய்ந்திருக்கிறதா என்று விரல்கள் அறிய வேண்டும். குழந்தையின் தலை சட்டென்று வெளிவந்துவிடாதபடி உள்ளங்கையால் மெல்லத் தாங்கிக்கொடுக்கும் அந்த அளவான அழுத்தத்தை, கையில் பிடித்திருக்கும் கருவியின் அதிர்வு கற்றுத்தராது. அதற்குப் பொம்மைதான் வேண்டும். பிரான்சில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலான இடுப்பையும் குழந்தைப் பொம்மையையும் எடுத்துக்கொண்டு, 1759இல் 15ஆம் லூயி மன்னரின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று கிராமத்துப் பெண்களுக்குக் கைப்பழக்கம் கொடுத்தார். அவற்றில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

ஆகவே உங்கள் மகளிடம் சிலவற்றை விசாரியுங்கள். கருவியைக் கழற்றியதும் ஆசிரியர் உடன் அமர்ந்து, எந்த இடத்தில் தாமதித்தார், ஏன் தாமதித்தார் என்று பேசுகிறாரா? பொம்மையில் கைப்பயிற்சி தொடர்கிறதா? வலியில் கையை இறுகப் பற்றிக்கொள்ளும் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பிரசவ அறையில்தான் பழக முடியும். மெய்நிகர் பயிற்சியைக் காட்டி அந்தப் பணிநாட்களைக் குறைத்திருந்தால், தயங்காமல் கல்லூரி முதல்வரைச் சந்தித்துக் கேளுங்கள்.