இணையத்தில் நெரிசலைக் கட்டுப்படுத்துவது யார்?

கோடிக்கணக்கான கணினிகள் ஒரே இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும்போது, யாருக்கு எவ்வளவு வேகம் என்பதை எந்த மையம் தீர்மானிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு மையமே கிடையாது. டிசிபி என்னும் நெறிமுறையின்படி, தரவை அனுப்பும் கணினியே தன் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு ஒரு முடக்கத்திலிருந்து பிறந்தது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து சுமார் 400 கஜத் தொலைவிலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற தரவின் வேகம், நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. வந்துசேரவில்லை என்று கருதிய பொட்டலங்களை, அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகளை, கணினிகள் அவசரப்பட்டு மறுபடியும் அனுப்பியதால், நெரிசல் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது.

கணினி ஆய்வாளர்கள் வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கரெல்ஸும் 1988இல் வெளியிட்ட தீர்வில், அனுப்பும் கணினி ஒரே நேரத்தில் சிறிதளவு தரவை மட்டும் அனுப்பத் தொடங்கி, கிடைத்துவிட்டது என்ற ஒப்புகை மறுமுனையிலிருந்து வரவர அளவைக் கூட்டுகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு அளவைச் சட்டெனக் குறைத்து, மீண்டும் மெல்ல ஏற்றுகிறது. இடையில் பொட்டலங்களை வழிநடத்தும் ரவுட்டர் கருவிகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதே, என் பார்வையில், இதன் பெரிய சாமர்த்தியம். கம்பியில்லா இணைப்புகளில் மட்டும் இக்கணிப்பு சற்றுத் தடுமாறும். அங்கே நெரிசலே இல்லாதபோதும் அலைக்குறுக்கீட்டால் பொட்டலங்கள் தொலையக்கூடும்.